கரவெட்டியும் அதன் சபையும்: எல்லை, காணி, கொள்வனவு

வரிச் சிட்டையில் அச்சிட்டிருப்பது வடமராட்சி தென்மேற்குப் பிரதேச சபை. ஊர்வாயில் அது கரவெட்டிப் பிரதேச சபை. உடுப்பிட்டியாரும் துன்னாலையாரும் அப்படிச் சொல்லும்போது முகத்தைச் சற்றுச் சுளிப்பார்கள். பல கிராமங்களை ஒரே சபைக்குள் அடக்கிய அரசாங்கம், எந்த ஊரின் பெயரை வைத்தாலும் மற்ற ஊர்கள் மனத்தாங்கல் கொள்ளும் என்று நினைத்ததோ என்னவோ, திசையொன்றைப் பெயராக வைத்துவிட்டது.

ஊரின் உள்ளூராட்சி வரலாற்றை எழுதித் தரும்படி இந்த மலரை வெளியிடும் குழுவினர் கேட்டனர். இத்தகைய கட்டுரைகள் பெரும்பாலும் தவிசாளர்களின் பெயர் வரிசையாக முடிந்துவிடும். படங்களும் அடிக்குறிப்புகளும் அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்யும் என்பதால் அதை அவற்றிடமே விட்டுவிட்டேன். இங்கே மூன்று வகைத் தீர்மானங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சபையின் எல்லை எது, எந்தக் காணியில் என்ன கட்டலாம், சபைப் பணத்தில் எதை வாங்குவது. ஊரார் சபைக்குப் படியேறுவதும் சபையைத் திட்டுவதும் இந்த மூன்றையும் முன்வைத்துத்தான். முதலாவதில் சபைக்கு அதிகாரமே இருந்ததில்லை. இரண்டாவது, பல திணைக்களங்களோடு பங்குபோட்ட அரைகுறை அதிகாரம். மூன்றாவதில் அதிகாரம் உண்டு, ஆனால் கைகளைக் கட்டிய அதிகாரம். இதைத் தெரிந்துகொண்டு திட்டினால் திட்டு சரியான இடத்தில் போய் விழும்.

பிரித்தானியர் காலத்தில் 1871 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கிராமங்களுக்கு இரண்டு நிறுவனங்களைத் தந்தது. ஒன்று விதிகளை ஆக்கும் சபை, மற்றையது சிறு வழக்குகளை விசாரிக்கும் கிராம நீதிமன்றம். நீதிமன்றம் போய்விட்டது, புலோலிப் பக்கத்தில் கிராமக்கோட்டுச் சந்தி மட்டும் பெயரளவில் நிற்கிறது. அக்காலத்தில் வட மாகாண அரசாங்க அதிபராக இருந்தவர் வில்லியம் துவைனம். 1869 முதல் 1896 வரை அந்தக் கதிரையை விட்டு இறங்காதவர். அவருக்குக் கீழே மணியகாரர், உடையார், விதானையார் என்று ஏணிப்படிகள். கிராமம் தன்னைத் தானே ஆளுகிறது என்று சட்டம் சொன்னாலும் ஆண்டவர்கள் அந்த ஏணியில் நின்றவர்கள்தாம்.

1924 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தோடு கிராமச் சங்கங்கள் தேர்தல் வாசனை கண்டன. ஆயினும் தலைமைக் கதிரை உத்தியோகத்தருக்கு உரியதாகவே இருந்தது. டொனமூர் அரசியலமைப்பு 1931 இல் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்து ஏழு ஆண்டுகள் கழித்தே, 1938 ஆம் ஆண்டுத் திருத்தம் மணியகாரரைச் சங்கத்தின் தலைமையிலிருந்து இறக்கியது. நாட்டின் அரசாங்க சபைக்கு ஆளை அனுப்ப வாக்குப் பெற்ற கமக்காரர், தன் ஒழுங்கைக்குக் கல் போடும் சங்கத்தின் தலைவரைத் தெரிவுசெய்ய மேலும் ஏழு வருடம் காத்திருந்தார். இந்தத் தலைகீழ் வரிசை பின்னரும் பல தடவை திரும்பியது.

1939 இல் நகரசபைக் கட்டளைச் சட்டம், 1946 இல் பட்டினசபைக் கட்டளைச் சட்டம், 1947 இல் மாநகரசபைக் கட்டளைச் சட்டம் என்று ஊரின் பருமனுக்கேற்பச் சட்டங்கள் தைக்கப்பட்டன. வடமராட்சியின் கரையோரத்தில் பருத்தித்துறையும் வல்வெட்டித்துறையும் நகரசபைகளாயின. உள்ளே இருந்த நாங்கள் கிராமசபைகளாக இருந்தோம். துறைமுகமும் வணிகமும் உள்ள கரைக்கு ஒரு சட்டம். தோட்டமும் வயலும் பள்ளிக்கூடங்களும் உள்ள உள்ளூருக்கு இன்னொரு சட்டம். அந்தப் பிரிவு இன்றும் மாறவில்லை. யாழ் மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி மன்றங்களில் ஒன்று மாநகரசபை, மூன்று நகரசபை, 13 பிரதேச சபை. மூன்று நகரசபைகளில் இரண்டு எங்கள் வடமராட்சியில் இருக்க, நெல்லியடி என்னும் சந்தை நகரைத் தன்னுள்ளே வைத்திருக்கும் எங்களுடையது பிரதேச சபைதான்.

கிராமசபைக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லும் முதியோர் உண்டு. வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர், வீட்டுப் படலைக்கு எட்டும் தூரத்தில் அவருடைய வீடு, மழைக்கு முன் வாய்க்கால் வெட்டாவிட்டால் விடியற்காலையில் போய்க் கேட்கலாம். இது உண்மை. ஆனால் அந்தப் படலையைத் தட்ட எல்லோராலும் முடிந்ததா என்பதையும் சேர்த்துத்தான் பேசவேண்டும். பொதுக் கிணறு, சந்தை, தேநீர்க் கடைக்கான அனுமதிப் பத்திரம், சுடலை எல்லாம் உள்ளூராட்சியின் பொறுப்பில் வந்தவை. சாதி காவல் நின்ற இடங்களும் அவையேதாம். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆண்டுதோறும் கடைகளுக்கு அனுமதி புதுப்பிக்கும் மன்றம் ஒன்று அந்தச் சட்டத்தைத் தன் அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனையாக்கியிருந்தால், ஒடுக்கப்பட்டோருக்கு நீட்டிய தனிப்பேணியும் தனிச் சிரட்டையும் ஒரு வருடத்தில் ஒழிந்திருக்கும் என்பது என் எண்ணம். அப்படி நடக்கவில்லை. சாதிக்கொடுமைக்கு எதிரான 1966 ஒக்டோபர் எழுச்சிக்குப் பின் நெல்லியடித் தேநீர்க் கடைகளுக்குள் நுழைவதற்கு மக்கள் போராட வேண்டியிருந்தது. கன்பொல்லை மக்கள் அதற்குக் கொடுத்த விலை பெரிது. வதிரியில் சூரன் அவர்கள் முன்னின்று வளர்த்த தேவரையாளிப் பள்ளிக்கூடம், எந்தச் சபைத் தீர்மானத்துக்கும் காத்திராமல் ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தானே எடுத்த தீர்மானம்.

அரசியலில் அந்த நாட்களின் கரவெட்டி சளைத்த ஊரல்ல. 1956 இல் பருத்தித்துறைத் தொகுதியிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்களில் கரவெட்டியாருக்கு முக்கிய இடம் உண்டு. அவர் இந்த ஊர்க்காரர். 1960 இல் உடுப்பிட்டி தனித் தொகுதியாகப் பிரிந்தபோது கரவெட்டியில் பிறந்த மு. சிவசிதம்பரம் அதன் உறுப்பினராகி 1970 வரை இருந்தார். பிரதி சபாநாயகராகவும் ஆனார். 1977 இல் அதே தொகுதி த. இராசலிங்கத்தைத் தெரிவுசெய்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து தமிழர் தொகுதியொன்றில் வென்று நாடாளுமன்றம் போன முதலாமவர் அவர். தொகுதியின் எல்லையைக் கீறியது கொழும்பு. அந்தக் கோட்டுக்குள் என்ன செய்யலாம் என்பதை ஊர் தீர்மானித்துக் காட்டியது.

இனி எல்லைக்கு வருவோம். அயற் கிராமத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள ஒரு நகரசபை வாக்கெடுத்துத் தீர்மானிக்கும் நாடுகள் உண்டு. எங்கள் சட்டத்தில் அதற்கு இடமில்லை. உள்ளூராட்சி மன்றமொன்றை உருவாக்குவதும் எல்லையை நீட்டுவதும் குறைப்பதும் அமைச்சரின் வர்த்தமானி அறிவித்தல். அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் உள்ளூராட்சியை மாகாணத்துக்கு ஒப்படைத்தபோதும் மன்றத்தின் வடிவமும் அமைப்பும் மத்தியிடமே நின்றுவிட்டன. சபை செய்யக்கூடியது தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவது மட்டும்.

கரவெட்டி கண்ட மிகப் பெரிய எல்லை மாற்றம் ஒரே இரவில் நடந்தது. 1980 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அபிவிருத்தி சபைகள் சட்டத்தின் கீழ், 1981 ஜூலையில் நாடு முழுவதும் 549 கிராமசபைகளும் 83 பட்டினசபைகளும் மறைந்தன. மாவட்டத்துக்கு ஒரு அபிவிருத்தி சபை என்று ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் அதற்கான தேர்தல் 1981 ஜூன் 4. அதற்குச் சில நாள் முன்னர் யாழ் நூலகம் எரிந்தது. ஊரின் கவனம் முழுவதும் எரிந்த நூலகத்தில் இருந்தபோது, கிராமசபை மூடப்பட்டதைப் பற்றி ஒரு துண்டறிக்கைகூட எவரும் அடித்திருக்க மாட்டார்கள். அரை நூற்றாண்டாகச் சேர்ந்த காணிகளும் கட்டடங்களும் கிணறுகளும் வாசிகசாலைகளும் யாரையும் கேளாமலே கைமாறின. அபிவிருத்தி சபைகளும் நீடிக்கவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் 1988 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. பழைய கிராமசபைகள் பிரதேச சபைக்குள் அடங்கின. அண்ணளவாகப் பிரதேச செயலர் பிரிவின் எல்லையே சபைக்கும் எல்லை. கரவெட்டிப் பிரிவில் இன்று 35 கிராம அலுவலர் பிரிவுகள். கரணவாய், துன்னாலை, உடுப்பிட்டி, இமையாணன், வதிரி, கப்பூது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்த கோயில், தனித்த பள்ளி, தனித்த கோபம் உண்டு.

சபை பிறந்த நேரம் போர்க்காலம். 1987 மே, ஜூன் மாதங்களில் வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை; ஜூலை 5 இல் நெல்லியடி மத்திய மகா வித்தியாலய இராணுவ முகாம் மீது தாக்குதல்; மாத முடிவில் இந்திய அமைதிப்படை வந்திறங்கியது. தெற்கில் 1991 இல் பிரதேச சபைகளுக்கு முதல் தேர்தல் நடந்தபோது இங்கே வாக்குப்பெட்டி வரவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போரின் இடப்பெயர்வில் வலிகாமம் வெறுமையாகி, மழையில் நனைந்த சனம் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வந்து நிறைந்தபோது, தெரிவுசெய்யப்பட்ட ஒரு உறுப்பினர்கூட இல்லாத சபையின் ஊழியர்கள் தண்ணீரும் கழிவகற்றலும் பார்த்தார்கள். இந்த மலரில் அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தால் மகிழ்வேன்.

1998 ஜனவரி 29 இல்தான் குடாநாட்டு மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. பயத்தின் நடுவே, சொற்ப வாக்குகளோடு. அதே ஆண்டில் யாழ் மாநகர முதல்வர்கள் இருவர், மே மாதத்தில் சரோஜினி யோகேஸ்வரனும் செப்டெம்பரில் பொன். சிவபாலனும், கொல்லப்பட்டனர். சபைகளின் பதவிக்காலம் முடிந்த பின் மீண்டும் செயலாளர் ஆட்சி. பின்னர் 2011 ஜூலை 23, 2018 பெப்ரவரி 10, 2025 மே 6 ஆகிய தேர்தல்கள். 2023 மார்ச் 9 என்று நாள் குறித்த தேர்தல், திறைசேரி பணம் விடவில்லை என்ற காரணத்தால் நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. 1981 க்குப் பின்னான காலத்தைக் கூட்டிப் பார்த்தால், மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர்கள் கதிரையில் இருந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் செயலாளரும் ஆணையாளரும். எனவே 'சபை முடிவெடுத்தது' என்று எழுதும்போது அது பல ஆண்டுகளில் ஒரு மேசையில் ஒருவர் இட்ட ஒப்பம்தான்.

இதற்குள் வேறொன்றும் காணாமல் போயிருந்தது. 1998 இலும் 2011 இலும் விகிதாசார முறையில் வாக்களித்தோம். வட்டாரம் என்பதே இல்லை. கட்சிப் பட்டியலில் மேலே வந்தவர் எந்த ஊரவர் என்பது தற்செயல். ஒரு கிராமத்தில் நால்வர் இருக்க, பக்கத்துக் கிராமத்தில் ஒருவரும் இல்லாத நிலை. 2012 ஆம் ஆண்டுத் திருத்தமும் எல்லை நிர்ணயக் குழுவும் 2017 பெப்ரவரி வர்த்தமானியும் சேர்ந்து வட்டாரங்களை மீட்டுத் தந்தன. அறுபது சதவீதம் வட்டாரம், நாற்பது சதவீதம் பட்டியல். பெண்களுக்கு 25 சதவீதம். நாடு முழுவதும் உறுப்பினர் தொகை ஏறக்குறைய இருமடங்காகி 8,000 ஐத் தாண்டியது. ஒழுங்கைக்கு ஆள் கிடைத்தார். கூடவே எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைப்பது அரிதாயிற்று. பாதீடு இரண்டு தடவை தோற்றால் தவிசாளர் பதவி போய்விடும் என்ற விதியும் சேர்ந்துகொள்ள, வடக்கின் பல சபைகளில் மார்கழி மாதம் என்றால் திருவெம்பாவையோடு பாதீட்டுக் கலக்கமும் வரும் என்றாயிற்று. யாழ் மாநகர முதல்வர் ஒருவர் 2020 இல் அப்படித்தான் பதவியிழந்தார்.

எல்லைக் கேள்வி இன்னும் ஓயவில்லை. எங்கள் அயலில் வடமராட்சி கிழக்கு, மருதங்கேணியைத் தலைமையாகக் கொண்டு 18 கிராம அலுவலர் பிரிவுகளோடு தனிப் பிரதேச செயலர் பிரிவாக இருந்தும், உள்ளூராட்சிக்குப் பருத்தித்துறைப் பிரதேச சபைக்குள் இருக்கிறது. அங்குள்ள மீனவர் ஒருவருக்குத் தலைமை அலுவலகம் எவ்வளவு தொலைவு என்று வரைபடத்தைப் பார்த்தால் போதும், வேறு வாதம் தேவையில்லை. நெல்லியடி நகரசபையாகலாமா என்பது இன்னொரு கேள்வி. சந்தையும் பேருந்து நிலையமும் வங்கிகளும் தனியார் கல்வி நிலையங்களும் நிறைந்த நெல்லியடி, தோற்றத்தில் நகரம்தான். ஆனால் பிரதேச சபைச் சட்டத்தில், வளர்ச்சியடைந்த பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில்தான் சோலைவரி எனும் ஆதனவரி. தோட்டக்காணிக்கு அந்தச் சுமை இல்லை. நகரசபையானால் வரி எல்லைமுழுவதும் பரவும். நெல்லியடியை மட்டும் வெட்டியெடுத்து நகரசபையாக்கினாலோ, மிச்சமிருக்கும் கிராமங்களுக்குச் சந்தைக் குத்தகை வருமானம் இல்லாமல் போய்விடும். என்னைக் கேட்டால், கணக்குப் புத்தகத்தைப் பாராமல் பெயர்ப்பலகையை மாற்றக் கூடாது.

சாய்ந்தமருதுவின் அனுபவம் கண்முன்னே இருக்கிறது. 1987 க்கு முன் கரைவாகு தெற்குக் கிராமசபையாக இருந்த அந்த ஊர், இணைப்பில் கல்முனைக்குள் போனது. தங்கள் சபையைத் திரும்பத் தாருங்கள் என்று அவர்கள் முப்பது ஆண்டுக்கு மேலாகக் கேட்டார்கள். 2020 பெப்ரவரியில் தனி நகரசபை என்று வர்த்தமானி வந்தது. பட்டாசு கொளுத்தி அடங்குமுன், ஒரு கிழமைக்குள் அது இடைநிறுத்தப்பட்டது. கடலுக்கு அப்பால் சென்னையில் 2011 இல் 42 உள்ளாட்சி அமைப்புகளை மாநகராட்சி தன்னுள் எடுத்தபோது அதன் பரப்பு 174 சதுர கிலோமீற்றரிலிருந்து 426 ஆக உயர்ந்தது. பின்னர் தமிழ்நாட்டின் பல ஊராட்சிகளில் மாநகராட்சியோடு சேர்க்காதே என்று பெண்கள் மறியலிருந்தார்கள். சேர்ந்தால் கிராமங்களுக்கான அரசின் நூறுநாள் வேலை போகும், வீட்டுவரி ஏறும் என்பது அவர்கள் கணக்கு. அங்கே சேர்க்காதே என்றார்கள், சாய்ந்தமருதுவில் பிரித்துத் தா என்றார்கள். இரண்டிடத்திலும் கையொப்பம் தலைநகரில்.

வடமராட்சியில் இதற்குள் ஆட்கள் குறைந்துகொண்டு போகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. யாழ் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 நாடாளுமன்ற ஆசனங்கள். 2015 இல் 7. 2024 இல் 6. வாக்காளர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, அவர்களுடைய வளவுகள் மட்டும் இங்கே எல்லை நிர்ணயத்துக்குக் காத்திருக்கின்றன.

காணிக்கு வருவோம். கட்டட அனுமதிக்கு அடிப்படையாக இன்றும் நிற்பது 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, பட்டின மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். அதற்கு முந்திய ஆண்டு கொழும்பில் கொள்ளைநோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமான வீடுகளைக் கட்டுப்படுத்தும் எண்ணம் அதன் பின்னணியில் உண்டு. நகர, நாட்டுப்புறத் திட்டமிடலுக்கு 1946 இல் ஒரு சட்டம். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகாரசபை வந்தது. வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் அதன் ஒழுங்குவிதிகள் செல்லும். அனுமதி வழங்கும் வேலையைத் தவிசாளருக்கும் திட்டமிடல் குழுவுக்கும் கையளிப்பார்கள். 1986 இன் விதிகளுக்குப் பதிலாக 2021 ஜூலையில் புதிய விதிகள் வந்தன. வீட்டுக் காணித் துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறையலாகாது என்பது பொது அளவு. ஏறக்குறைய 6 பேர்ச். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர் என்று கணக்குப் பார்க்கும் எங்களுக்கு, அது பரப்பின் பாதியைவிடச் சற்றுக் கூட.

கொழும்புக்குப் பொருத்தமாக இருக்கலாம். கரவெட்டியில் அந்தத் துண்டுக்குள் ஒரு கிணறும் ஒரு மலசலகூடக் குழியும் வைத்தாக வேண்டும். ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்குள் மிதக்கும் நன்னீர் வில்லையே எங்களுக்குத் தண்ணீர். ஒருவருடைய குழி அடுத்தவருடைய கிணற்றுக்கு எத்தனை அடி என்பதுதான் இங்கே உண்மையான வலயப்படுத்தல். சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. ஊரைச் சுற்றி எது அமையலாம் என்பதை முன்கூட்டிக் கேளாத பிழை, பின்னர் எத்தனை கிணறு இறைத்தாலும் தீராது.

வயலை மேடாக்கிக் கட்டடம் எழுப்புவதைத் தடுப்பதற்குச் சட்டம் உண்டு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, அனுமதியின்றி வயல்நிலம் நிரப்பலாகாது. அந்த அனுமதி கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கையில். பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையது, கரையோரம் இன்னொரு திணைக்களம், சுற்றாடல் அனுமதி வேறொன்று. நெல்லியடியில் ஒருவர் கடை கட்டினால் வீதிக் கோட்டைப் பார்ப்பவர் ஒருவர், வெள்ளம் ஓடும் வாய்க்காலைப் பார்ப்பவர் வேறொருவர். கார்த்திகை மழையில் கடைக்குள் தண்ணீர் வந்ததும் சனம் தேடுவது சபையை.

சுடலை விடயத்தில் மட்டும் சபை நழுவ முடியாது. 1899 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் முதல் மயானங்கள் உள்ளூராட்சியின் பொறுப்பு. குடாநாட்டில் ஊருக்கொன்று, குறிச்சிக்கொன்று, சாதிக்கொன்று என்று சிறு சுடலைகள். ஒரு காலத்தில் ஊர் ஒதுக்கிய வெளியில் சுடலையும், அதன் அருகே ஊர் ஒதுக்கிய மக்களும். இப்போது அந்த வெளியெல்லாம் குடிமனை. 2017 இல் புத்தூர் கலைமதிக் கிராமத்து மக்கள், தங்கள் வீடுகளின் நடுவே உள்ள கிந்துசிட்டி மயானத்தில் எரிக்கவேண்டாம் என்று தொடர் போராட்டம் நடத்தினார்கள். சுடலைக்கு மதில் கட்டுவது தீர்வு என்றவர்களும் இருந்தனர். புகைக்கு மதில் தெரியுமா? கலைமதி வலிகாமத்தில் இருந்தாலும் அதன் கேள்வி எங்கள் சபைக்கும் உரியது. மயானங்களைப் பராமரிக்கப் பாதீட்டில் ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறோம்; எந்த மயானத்தை மூடுவது, எங்கே பொதுவான எரிகொட்டகை அமைப்பது என்ற வாதத்தை ஒத்திவைக்கிறோம்.

இதையெல்லாம்விட ஊரின் உருவத்தை மாற்றியது வேலி. ஆண்டுக்காண்டு வேலி அடைக்கும்போது கதியால் அரை அடி ஒழுங்கைப் பக்கம் நகரும். இரண்டு பக்கமும் நகர்ந்தால் பத்து ஆண்டில் மாட்டுவண்டி போன பாதையில் சைக்கிள்தான் போகும். கிடுகு வேலிக் காலத்தில் அதைத் திருத்த ஒரு நாள் வேலை போதும். வெளிநாட்டுப் பணத்தில் அதே இடத்தில் மதில் எழும்பிய பிறகு நீதிமன்றம் வேண்டும். கிராமச் சட்டம் வந்த அதே 1871 இல்தான் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டமும் வந்தது. பத்து ஆண்டு தடையின்றி ஆண்டவருக்கு உரித்து. பொது ஒழுங்கைக்கு அது செல்லாது என்று சபை வாதாட, ஒழுங்கை சபையுடையது என்பதற்கு வரைபடமோ பதிவேடோ காட்டவேண்டும். போரில் எத்தனை பதிவேடு தப்பின என்பதை யோசித்துப் பாருங்கள். குப்பை ரக்ரர் திரும்ப முடியாத ஒழுங்கைகளில் குப்பை எடுக்கவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பாதி, உண்மையில் மதில்களைப் பற்றிய முறைப்பாடுகள்.

கொள்வனவில் சபையின் கையைக் கட்டுவது 1988 ஆம் ஆண்டின் நிதி, நிருவாக விதிகளும் அரசாங்கப் பெறுகை வழிகாட்டியும். கேள்வி கோரல், விலைமனு திறத்தல், தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு, பெறுகைக் குழு, பிறகு சபைத் தீர்மானம். பொருள் வந்தபின் கணக்காய்வாளர் நாயகத்தின் ஆட்கள். குறைந்த விலைக்குக் கொடுத்தவரிடம் வாங்கிய மின்குமிழ் மாரிக்கு முன் அணைந்துவிட்டால், கூடிய விலைக்காரரிடம் ஏன் வாங்கவில்லை என்று உறுப்பினர் கேட்பார். வாங்கியிருந்தால் ஏன் வாங்கினாய் என்று கணக்காய்வு கேட்கும். உத்தியோகத்தருக்குப் பாதுகாப்பான வழி பழைய விவரக்கூற்றை அப்படியே திருப்பி எழுதுவது. சபைகள் புதுமை செய்வதில்லை என்ற குறைக்கு இது ஒரு காரணம்.

பெருங்கொள்வனவுகள் பெரும்பாலும் சபைப் பணத்தில் நடந்தவையுமல்ல. போருக்குப் பின் உலக வங்கிக் கடனில் வந்த 'நெல்சிப்' திட்டம் வடக்கு, கிழக்குச் சபைகளுக்குச் சந்தைக் கட்டடங்களும் வாசிகசாலைகளும் வீதிகளும் தந்தது. பின்னர் உள்ளூர் அபிவிருத்தி ஆதரவுத் திட்டம். கட்டடம் வந்தது நல்லது. ஆனால் மாடிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் பெண்ணைக் கேட்டு எந்த வரைபடமும் கீறப்படவில்லை. குடாநாட்டில் சில சந்தைகளின் மேல்மாடி வெறிச்சோட, வியாபாரம் வாசலில் நடப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வாகனக் கொள்வனவுக்கு 2020 மார்ச்சில் இறக்குமதித் தடை விழுந்தது. 2022 இல் எரிபொருள் வரிசை. இருந்த ரக்ரருக்கு உதிரிப்பாகமும் டீசலும் தேடியதே அந்தச் சபையின் சாதனை என்று எழுதினால் மலருக்கு அழகாக இராது. எனினும் அது உண்மை.

சபையின் சொந்த வருமானம் எங்கிருந்து வருகிறது? சோலைவரி, சந்தைக் குத்தகை, அனுமதிக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம், முத்திரை வரி. ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி அரசின் மானியம். இவற்றில் முத்திரை வரியைத்தான் நான் வியப்போடு பார்ப்பதுண்டு. காணி கைமாறும்போது முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் செலுத்துகிறோம். அது மாகாணத்தின் ஊடாக உள்ளூராட்சிக்கு வரவேண்டியது. வெளிநாட்டில் இருப்பவர் பூர்வீக வளவை விற்றாலும், வாங்கினாலும், சபைக்குப் பணம். ஊர் வெறுமையாக ஆக ஒரு வருமானம் கூடுகிறது. அந்தப் பணத்தில் சபையின் சொந்தக் காணிகளுக்கான பதிவேட்டை ஒழுங்கு செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

ஏனெனில், சபையின் பெறுமதியான சொத்துகள் எதையும் அது கேள்வி கோரி வாங்கவில்லை. 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தல் சட்டத்தின் கீழ் சபைக்காகக் காணி எடுப்பது நீண்ட வேலை. இழப்பீட்டுக்குப் பணமும் இல்லை. வாசிகசாலைக்கு ஒரு பரப்பு, விளையாட்டு மைதானத்துக்குப் பத்துப் பரப்பு, கிணற்றுக்கு அரைப் பரப்பு, ஒழுங்கை அகலிக்க வேலியோரம் மூன்றடி என்று ஊரார் கொடுத்தவைதாம். சிலர் நொத்தாரிசிடம் போய் நன்கொடை உறுதி முடித்துப் பதிவும் செய்தார்கள். பலர் வாய்ச்சொல்லோடு விட்டார்கள்; அந்தக் காலத்தில் அது போதுமாக இருந்தது. இப்போது பேரப்பிள்ளைகள் கூகுள் வரைபடத்தில் பார்த்துவிட்டு, எங்கள் பூட்டன் காணியில் சனசமூக நிலையம் எப்படி வந்தது என்று சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்புகிறார்கள். கேட்பது அவர்கள் உரிமை. பதில் சொல்ல உறுதி வேண்டும்.

2025 ஜூனில் கூடிய புதிய சபைக்கு முன்னுள்ள வேலைகளில் இதை முதலில் வைப்பேன். இம்மலரை வாசிப்பவர்களில் சிலருடைய பெட்டகத்தில், கிராமசபைக்குக் காணி கொடுத்த உறுதியோ, பழைய நில அளவைப் படமோ, வட்டார உறுப்பினராயிருந்த பேரனாரின் கூட்டக் குறிப்புப் பிரதியோ கிடக்கலாம். மூலத்தை வைத்துக்கொண்டு பிரதியொன்றை நெல்லியடியிலோ உடுப்பிட்டியிலோ எடுத்து, சபைச் செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பமிட்ட கடிதத்தையும் மறவாமல் வாங்கிவாருங்கள்.